தொலைந்த பேயும் மீண்ட பேயும்

ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலை வழியாக நடப்பவர்களின் கண்கள் செண்டோல் கடை வரிசையிலேயே நின்றுவிடும். அண்ணாந்து பழைய கட்டடங்களின் முகப்பைப் பார்ப்பவர்கள் குறைவு. ஓடியன், கேத்தே ஆகிய பெரிய திரையரங்குகள் இருந்த சாலை அது. கேத்தேயில் இப்போது படம் ஓடுவதில்லை. ஆனால், உங்கள் தாத்தா பாட்டியிடம் 'சின்ன வயதில் எந்தப் படம் பார்த்துப் பயந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் டிராகுலா என்பார். இன்னொருவர் பொந்தியானாக் என்பார். இரண்டும் இரத்தம் குடிக்கும் பேய்கள். முதலாவது இங்கிலாந்தில் எடுத்த படம். மற்றது நம் மண்ணின் படம். முதல் படத்தை இன்றும் நாம் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க முடியாது. ஏன் அப்படி ஆயிற்று என்பதை அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆங்கில இலக்கியத்தில் 'கோதிக் நாவல்' என்று ஒரு வகை உண்டு. பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, பழைய பாவம் ஒன்றின் நிழல், தப்ப வழியில்லாமல் தவிக்கும் மனிதர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். ஹொரஸ் வால்போல் 1764ஆம் ஆண்டில் எழுதிய கதையை இவ்வகையின் தொடக்கம் என்பர். இவ்வகை நாவல்களுள் உலகமெங்கும் பேர் பெற்றது, அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா'. நாள்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றை அடுக்கியே ஸ்டோக்கர் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். திரான்சில்வேனியா மலைநாட்டில் வாழும் ஒரு பிரபு, இறந்தும் இறவாதவன். மண் நிறைந்த பெட்டிகளோடு கப்பலேறி இங்கிலாந்துக்கு வருகிறான். எதிர்ப்பட்டவர்களின் இரத்தத்தைக் குடித்து அவர்களையும் தன்னைப்போல் ஆக்குகிறான்.

ஸ்டோக்கர் திரான்சில்வேனியாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. லண்டனில் ஒரு நாடக அரங்கின் நிருவாகியாக வேலை பார்த்துக்கொண்டே, நூலகங்களில் நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுத்தார். அந்தக் கையெழுத்துக் குறிப்புகள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் படித்த நூல்களின் பட்டியலும் அவற்றில் இருக்கிறது. அதில் ஒரு நூலின் பெயரைக் கண்டால் நமக்கு வியப்பு ஏற்படும். அது மலாயாவைப் பற்றிய நூல்!

அதை எழுதியவர் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. தனியாகவே உலகைச் சுற்றியவர். 1879ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கித் தங்கி, பின்னர் பேராக்குக்குச் சென்றார். யானை மீதேறிக் காட்டைக் கடந்தார். கோலகங்சாரில் ஆங்கிலேய அதிகாரியின் இல்லத்தில் இரண்டு குரங்குகளோடு ஒரே மேசையில் உணவருந்தியதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய பயணக் கடிதங்கள் 1883இல் நூலாக வெளிவந்தன. 'பொன் தீபகற்பம்' என்று பொருள்படும் பழைய கிரேக்கப் பெயரையே நூலுக்குத் தலைப்பாக்கினார். மலாய் மக்களின் நம்பிக்கைகளைச் சொல்லும் இடத்தில், பெனாங்காலான் என்னும் பேயைப் பற்றியும் அவர் எழுதினார்.

பெனாங்காலானை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'தங்கால்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கழன்றுபோதல் என்பது பொருள். பகலில் சாதாரணப் பெண்ணாக நடமாடுவாள். இரவில் தலை மட்டும் குடலோடு கழன்று, இரத்தம் தேடிப் பறக்கும். பிள்ளை பெற்ற வீடுகளைத்தான் அது நாடும் என்பதால், முள் நிறைந்த இலைகளை அந்த வீட்டைச் சுற்றித் தொங்கவிடுவார்களாம். குடல் முள்ளில் மாட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தில் அது அண்டாது. டிராகுலா கதையில் அந்த முள்ளின் வேலையைப் பூண்டு செய்கிறது. ஸ்டோக்கரின் நாவலில் பெனாங்காலான் எங்கும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் படித்து ஒதுக்கிய எத்தனையோ செய்திகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால், டிராகுலா உருவான மேசையின் மீது நம் நாட்டுப் பேயைச் சொல்லும் நூலும் கிடந்தது என்பது உறுதி. நம் வேதாளமும் அவருக்கு மிகத் தொலைவில் இல்லை. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்டு பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிந்திருந்தார்.

நாவல் வெளிவந்து அறுபது ஆண்டுகள் கழிந்தன. லண்டனுக்கு அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய மாளிகையையே படப்பிடிப்புக்கூடமாக்கிக்கொண்டு, ஹாமர் என்னும் சிறிய நிறுவனம் படமெடுத்து வந்தது. அந்நிறுவனம் 1958இல் 'டிராகுலா'வை வண்ணத்தில் வெளியிட்டது. இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர். டிராகுலாவாக நடித்தவர் கிறிஸ்டோபர் லீ. அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக நடித்தவர் பீட்டர் குஷிங். திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டரிடம் இருந்த பணம் கொஞ்சம். எனவே, கப்பல் பயணத்தை அடியோடு நீக்கினார். டிராகுலா இங்கிலாந்துக்கு வருவதே இல்லை. கதை முழுவதும் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலேயே நடந்து முடிகிறது. நாவலில் டிராகுலா வௌவாலாகவும் ஓநாயாகவும் மாறுவான். படத்தில் அதெல்லாம் வீண் நம்பிக்கை என்று வான் ஹெல்சிங் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்! செலவு மிச்சம். ஆனால், அந்தச் சிக்கனமே படத்துக்கு வலிமையாயிற்று. டிராகுலா படத்தின் தொடக்கத்தில் மட்டும் சில வரிகள் பேசுகிறான். அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை. பேசாத பேயே பார்ப்பவரை மிகுதியாக அச்சுறுத்துகிறது.

முடிவும் மாறியது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடக்கூடியவன். இறுதியில் இரண்டு கத்திகள் அவனை மாய்க்கின்றன. அவற்றுள் ஒன்று கூர்க்கா வீரர்களின் குக்ரி. படத்திலோ வான் ஹெல்சிங் நீண்ட மேசையின் மீது ஓடிப் பாய்ந்து, சன்னல் திரையைப் பிய்த்தெறிகிறார். காலை வெயில் உள்ளே பாய்கிறது. இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி, டிராகுலாவை அந்த ஒளிக்குள் தள்ளுகிறார். அவன் சாம்பலாகிறான். இந்த வெயில் மரணம் ஸ்டோக்கருடையது அன்று. 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெரட்டு' என்னும் மௌனப் படத்திலிருந்து வந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இனி நம் பேய்க்கு வருவோம்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, சிங்கப்பூரின் கேத்தே திரையரங்கில் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம் திரையிடப்பட்டது. அதற்கு ஐந்தே நாள் கழித்து, மே 2ஆம் நாள், லண்டனில் ஹாமர் நிறுவனம் தன் முதல் வண்ணத் திகில் படத்தைத் திரையிட்டது. அது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தழுவியது. அதன் வெற்றிதான் மறு ஆண்டு 'டிராகுலா'வை எடுக்கும் துணிவைத் தந்தது. ஆகவே, நம் நாட்டார் ஆங்கிலேயரைப் பார்த்துப் பேய்ப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரு நாட்டிலும் இரு பேய்களும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் விழித்தன.

'பொந்தியானாக்' படத்தின் இயக்குநர் பி. என். ராவ். கேரளத்தைச் சேர்ந்தவர், தமிழ்த் திரையுலகில் நன்கு பழகியவர். 'பிரகலாதா' (1939), 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கிய பிறகே அவர் சிங்கப்பூருக்கு வந்தார். அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களுள் இந்தியர் பலர் இருந்தனர். சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். அவரும் 1958இல் 'ஓராங் மிஞ்ஞாக்' என்று ஒரு பேய்ப்படம் எடுத்தார். எண்ணெய் பூசிய கரிய உடலோடு இரவில் பெண்களைத் தாக்கும் உருவத்தின் கதை அது. அதே ஆண்டில் 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' என்ற படத்தை இயக்கி நடித்தவர், பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லி. ஊரார் ஏளனம் செய்யும் கூனன் ஒருவன் அழகை வேண்டிப் பெற்று, அதனாலேயே அழியும் கதை அது.

அழகை வேண்டியவள்தான் 'பொந்தியானாக்' படத்தின் நாயகி சொமேலும். கதையை எழுதியவர் அப்துல் ரசாக். சொமேலாக நடித்தவர் மரியா மெனாடோ. சொமேல் கூன் விழுந்த, அழகற்ற பெண். முதியவர் ஒருவர் அவளை எடுத்து வளர்க்கிறார். அவர் இறக்கும்போது தம் உடைமைகளை எரித்துவிடச் சொல்கிறார். அவளோ அவற்றுள் ஒரு மருந்துக் குறிப்பைக் காண்கிறாள். அதன்படி மருந்து செய்து குடித்ததும் பேரழகி ஆகிவிடுகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: இரத்தம் அவள் நாவில் படக்கூடாது. திருமணம் நடக்கிறது, குழந்தையும் பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு அவன் கெஞ்சுகிறான். அவள் என்ன செய்வாள்? குனிந்து, காயத்தில் வாய் வைக்கிறாள்.

அந்தக் கணத்தில் அவள் பொந்தியானாக் ஆகிறாள்.

இந்த இடத்தை டிராகுலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிராகுலா வெளியிலிருந்து வரும் தீமை. அவனுக்காக நாம் அழ வேண்டியதில்லை. அவன் சாம்பலானதும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போகலாம். சொமேலின் கதை அப்படி விடுவதில்லை. கணவனின் உயிரை மீட்க எமனைத் தொடர்ந்து போன சாவித்திரியை நமக்குத் தெரியும்; அவள் அன்புக்குப் பரிசு கிடைத்தது. அதே அன்புக்காகச் சொமேல் தன்னையே இழக்கிறாள். புராணப் படங்கள் எடுத்துப் பழகிய இயக்குநருக்கு இந்த ஒப்புமை தோன்றாமலா இருந்திருக்கும்? நம் நாட்டார் கதைகளில் வரும் நீலியும், மலையாளக் கதைகளில் வரும் யட்சியும்கூட வஞ்சிக்கப்பட்ட பெண்கள்தாம். கதை என்ற அளவில் இரண்டையும் தராசில் வைத்தால், சொமேலின் கதையே கனமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நீங்கள் மாறுபடலாம். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம்தான் நம் கையில் இருக்கிறது.

'பொந்தியானாக்' ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடியது. மலாய் மொழி அறியாத சீனர்களுக்காகச் சீன மொழியில் ஒலிமாற்றமும் செய்தார்கள். அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', மறு ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என்று அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. இவற்றுள் முதல் இரண்டும் இன்று இல்லை. படத்தைத் தயாரித்த கேத்தே-கெரிஸ் நிறுவனத்தை லோக் வான் தோவுடன் சேர்ந்து 1953இல் தொடங்கியவர் ஹோ ஆ லோக். படச்சுருள்களை அவரே ஈயக் குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்பது திரையுலகில் வழங்கிவரும் செய்தி. உண்மை எதுவாயினும், சுருள்கள் கிடைக்கவில்லை. பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அத்தகைய குட்டைகளை நீங்கள் பேராக்கிலும் சிலாங்கூரிலும் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு படம் என்பது கையில் தூக்கக்கூடிய பொருள். தகர டப்பாக்களில் சுருட்டி வைத்த பல ஆயிரம் அடி நீளமான சுருள்தான் படம். நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் அதற்குப் பெரும்பகை. வெயிலில் கிடந்தால் சுருங்கும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கெடத் தொடங்கினால் புளிக்காடி வாசம் வரும். ஓட்டி முடித்த படத்தால் இனிப் பணம் வராது என்ற எண்ணமும் சேர்ந்தால், அதற்குக் குளிரூட்டிய அறையை யார் தருவார்கள்? தொலைக்காட்சியும் வீடியோவும் பரவாத நாளில் அது இயல்பான கணக்கு. அவர்களை இன்று குறை சொல்வது எளிது.

மற்ற இரு படங்களுக்கு என்ன நேர்ந்தது? 'நோஸ்ஃபெரட்டு' படத்தைப் பிறகு பார்ப்போம் என்றோமே. அந்தப் படத்தை எடுத்தவர்கள் ஸ்டோக்கரின் நாவலை அனுமதி பெறாமல் பயன்படுத்தியிருந்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படத்தின் எல்லாப் படிகளையும் அழிக்குமாறு 1925இல் தீர்ப்பு வந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும், அதற்குள் பிற நாடுகளுக்குப் போயிருந்த சில படிகள் தப்பிவிட்டன. நீதிமன்றமே அழிக்கச் சொன்ன படத்தை நூறாண்டு கழிந்தும் நாம் பார்க்கிறோம். யாரும் அழிக்கச் சொல்லாத 'பொந்தியானாக்' போய்விட்டது.

ஹாமரின் 'டிராகுலா'வுக்கும் ஒரு காயம் இருந்தது. பிரிட்டிஷ் தணிக்கைக் குழு சில காட்சிகளை வெட்டச் சொன்னது. இறுதியில் வெயில் பட்டதும் டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் காட்சியும் வெட்டுப்பட்டது. ஜப்பானுக்கு அனுப்பிய படியில் அக்காட்சி இருந்தது என்று இரசிகர்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டார்கள். 1984இல் தோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் தீ விபத்து நேர்ந்தது. அந்தப் படியின் முற்பகுதிச் சுருள்கள் எரிந்துபோயின. கடைசிச் சுருள்கள் சேதமடைந்த நிலையில் எஞ்சியிருந்தது 2011இல் தெரியவந்தது. படத்தின் முடிவு இருந்தது அந்தச் சுருள்களில்தான்! அவற்றைத் துப்புரவு செய்து, வெட்டுப்பட்டவற்றுள் சிலவற்றை மீண்டும் படத்தில் சேர்த்தார்கள். சேதமடைந்த சுருள்தானே என்று அங்கிருந்த ஓர் ஊழியர் குப்பையில் போட்டிருந்தால் இதுவும் நடந்திராது.

நம் பக்கமும் எல்லாம் இருள் இல்லை. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படங்களுள் எஞ்சிய 91 படங்கள் சிங்கப்பூரிலுள்ள ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2014இல் அத்தொகுப்பு, யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தில் ஆசியா-பசிபிக் பட்டியலில் இடம்பெற்றது. மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' அதில் உண்டு. மரியா மெனாடோவின் பொந்தியானாக் எப்படி இருந்தாள் என்பதை அதிலிருந்து ஓரளவு அறியலாம். ஜார்ஜ்டவுனில் பி. ரம்லி பிறந்த பலகை வீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் பேணி வருகிறது. கட்டணமின்றி உள்ளே போகலாம். அவருடைய 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' படமும் தப்பியது, பார்க்கக் கிடைக்கிறது.

முதல் 'பொந்தியானாக்' மட்டும் இனிச் சிலரது நினைவில்தான் ஓடுகிறது. கதைச்சுருக்கமும் சில ஒளிப்படங்களும் செய்தித்தாள் விளம்பரங்களும் கிடைக்கின்றன. ஆனால், கணவனின் காயத்தில் வாய் வைத்துவிட்டு அவள் தலை நிமிர்ந்தபோது முகம் எப்படி இருந்தது, அரங்கில் யார் முதலில் அலறினார்கள், பின்னணியில் என்ன ஒலித்தது என்பதை விளம்பரம் சொல்லாது. அதை அன்று அங்கே அமர்ந்திருந்தவர்களே சொல்ல வேண்டும். பத்து வயதில் அந்தப் படத்தைப் பார்த்த சிறுவர்களுக்கு இன்று வயது எண்பதை நெருங்குகிறது. அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டு முற்றத்திலேயே, மாலை வேளையில், தேநீர் குடித்தபடி அமர்ந்திருக்கலாம்.